பதினொரு கிரைம் நம்பர்கள்

கிழக்கு லண்டனில் என் சித்தப்பா நடத்திய கடையில், கல்லாவுக்குப் பின்னால், சிகரெட் பெட்டியைக் கிழித்தெடுத்த மட்டை ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் நீலப் பேனாவால் எழுதிய பதினொரு இலக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு களவுக்கோ கதவுடைப்புக்கோ, ஒருமுறை கத்தியைக் காட்டிப் பணம் பறித்ததற்கோ, பொலிசார் தொலைபேசியில் கொடுத்த ‘கிரைம் நம்பர்’. முதலாவது 2012இல் எழுதப்பட்டது, கடைசி 2019இல். 2016இல் பின்கதவை உடைத்துச் சிகரெட்டையும் சில்லறைக் காசையும் அள்ளிச் சென்ற மறுநாள் காலை, உடைந்த கண்ணாடியைக் கூட்டியபடியே, “அவை வரமாட்டினம் தம்பி, நம்பர்தான் தருவினம். இன்சூரன்சுக்கு அது காணும்” என்றார். அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குக்கூட எவரும் பிடிபடவில்லை.

பொலிசுக்கான பணத்தை வெட்டினால் குற்றம் கூடுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்த மட்டைதான் என் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் அந்தக் கேள்விக்கு இங்கிலாந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தன்னையே பரிசோதனைக்கு உட்படுத்தியது. 2010 அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்த செலவுக் குறைப்பில், பொலிசுக்கு மத்திய அரசு வழங்கும் நிதி நான்கு ஆண்டுகளில் 20 சதவீதம் வெட்டப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2010இல் 143,000க்கும் அதிகமாக இருந்த பொலிஸ் உத்தியோகத்தர்களின் தொகை, 2018 அளவில் 122,000 வரை இறங்கியது. இதனால் ஆபத்து வரும் என்று எச்சரித்த பொலிஸ் சங்கத்தினரின் மாநாட்டுக்கே 2015இல் சென்ற அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே, வராத புலியை வருகிறது என்று கூவுவதை நிறுத்துங்கள் என்ற பொருளில் பேசினார். பணமும் குறைந்திருக்கிறது, குற்றமும் குறைந்திருக்கிறது என்பதே அவருடைய வாதம்.

அவர் சொன்ன எண் பொய்யானதல்ல. மக்களின் வீடுகளுக்குச் சென்று நேரடியாகக் கேட்டறியும் குற்றக் கணக்கெடுப்பின்படி, 1995இல் உச்சத்தைத் தொட்ட குற்றம் அதன் பின் பல ஆண்டுகளாக இறங்கிக்கொண்டேதான் இருந்தது. கார்களைச் சாவியின்றிக் கிளப்ப முடியாத தொழில்நுட்பமும், திடமான பூட்டுகளும், திருட்டு டிவிக்கு விலை இல்லாமற்போனதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பொலிசின் எண்ணிக்கையோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு யாரைக் கேட்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது வீட்டாரைத்தான் கேட்கிறது, கடைகளைக் கேட்பதில்லை. கொலையுண்டவரைக் கேட்க முடியாது என்பதால் கொலையும் அதில் சேராது. இணையத்திலும் தொலைபேசியிலும் நடக்கும் மோசடியும் அந்த ஆண்டுகளின் மொத்தத் தொகையில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே, குற்றம் குறைந்துவிட்டது என்று அமைச்சர் மேடையில் நின்று வாசித்த எண்ணுக்குள், என் சித்தப்பாவின் கடையில் நடந்த ஒரு களவுகூட இருக்கவில்லை. இதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

கத்திக்குத்துகள் 2014க்குப் பின் கூடத் தொடங்கின. 2018 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் 285 பேர் கத்தியால் கொல்லப்பட்டனர். 1946இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவே ஆகக்கூடிய தொகை. 2018 ஏப்ரலில் கசிந்த உள்துறை அமைச்சின் ஆவணம் ஒன்று, பொலிஸ் குறைப்பு இந்த வன்முறையைத் தொடக்கிவைத்த காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றாலும், அது தொடர்ந்து வளர்வதற்கு இடம் கொடுத்திருக்கக்கூடும் என்று கூறியது. இந்த விடயத்தில் நான் படித்தவற்றுள் நேர்மையான வாசகம் இதுதான் என்று கருதுகிறேன். கொக்கெய்ன் வியாபாரம் பெருநகரங்களிலிருந்து சிறுநகரங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பி விரிந்ததும், அதே சிக்கனத்தின் பெயரால் இளைஞர் நிலையங்கள் மூடப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். ஸ்கொட்லாந்தோ பொலிஸ் எண்ணிக்கையையும் பெரிதாகக் குறைக்கவில்லை. 2005 முதல் கிளாஸ்கோவில் வன்முறையை ஒரு நோயைப் போல அணுகி, பாடசாலை, மருத்துவமனை, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் சேர்த்து இயக்கியது. அங்கே கொலைகள் குறைந்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

ஆயினும் பொலிசின் எண்ணிக்கைக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வாரோடு என்னால் உடன்பட முடியாது. 2005 ஜூலைக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஆறு வாரங்கள் மத்திய லண்டனில் பொலிஸ் நடமாட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவில் கூட்டப்பட்டபோது, அங்கே குற்றம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தது. கூடுதல் பொலிசார் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2010 நவம்பர் இறுதியில் நியூவர்க் நகரம் 167 பொலிசாரை, அதாவது தன் படையில் 13 சதவீதத்தினரை, ஒரே நாளில் வேலையிலிருந்து நிறுத்தியது. அயலிலுள்ள ஜெர்சி சிட்டி எப்படியோ பணம் தேடி எவரையும் நிறுத்தாமல் தப்பியது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், வன்முறையும் களவும் நியூவர்க்கில் கூடியிருந்தன.

இங்கிலாந்தில் முதலில் போனது அயல் பொலிஸ், அதாவது ஒரே பகுதியில் சுற்றிவந்து அங்குள்ளவர்களை அறிந்து வைத்திருந்த பொலிசார். அவசர அழைப்புக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, பயங்கரவாதத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. எனவே வெட்டு, உடனடியாக எவரும் கவனிக்காத இடத்தில் விழுந்தது. சித்தப்பாவின் கடைக்கு வாரம் ஒருமுறை வந்து, பிளேன்டீ குடித்துவிட்டுப் போகும் நடுத்தர வயதுப் பொலிஸ்காரர் ஒருவர் இருந்தார். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருக்கிறான், எந்தக் கராஜில் புதிதாக ஆட்கள் கூடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 2013இல் அவர் வருவது நின்றது. லண்டன் முழுவதிலும் பொதுமக்கள் நேரே சென்று முறையிடக்கூடிய பொலிஸ் நிலையங்கள் அந்த ஆண்டில் 136இலிருந்து 73ஆகவும், 2017இல் 32ஆகவும் குறைக்கப்பட்டன. முறையிடப்பட்ட குற்றங்களில் எவர் மீதாவது வழக்குப் பதிவாவது 2015 அளவில் நூற்றுக்கு 15 ஆக இருந்து, 2022இல் 6க்கும் கீழே போனது. 2014க்குப் பின் குற்றங்கள் ஒழுங்காகப் பதியப்பட்டு, அவற்றின் மொத்தத் தொகை கூடியதும் இந்தச் சரிவுக்கு ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. களவெடுத்தவன் பிடிபடமாட்டான் என்பது கடைக்காரனுக்கு முன்பே களவெடுப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

பின்னர் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் 2019இல் 20,000 பேரைப் புதிதாகச் சேர்ப்பதாக அறிவித்து, 2023 மார்ச்சில் அந்த எண்ணிக்கை எட்டப்பட்டது. அப்போது மொத்தப் படையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் ஐந்து ஆண்டுகூடப் பணியாற்றாதவர்கள். அந்தக் கோடையில், கடையை விற்பதற்குச் சில மாதங்களுக்கு முன், இளம் பொலிஸ்காரி ஒருவர் சித்தப்பாவிடம் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இந்தப் பகுதியில் யார் யார் பிரச்சினைக்குரியவர்கள் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். சித்தப்பா அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, மட்டையைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்து, முதல் இலக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.