மல் தீவு ரோட்டில் ஆடு, நீர்நாய், கழுகு, நீங்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் மல் தீவு என்றதும் டோபர்மோரி ஊரின் வண்ண வீடுகளும் கழுகுகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தீவில் வம்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: ரோட்டில். ஏறத்தாழ 3,000 பேர் வாழும் இடம் இது. நடுவில் 966 மீட்டர் உயரத்துக்கு பென் மோர் மலை. மலைக்கும் கடலுக்கும் போக மிஞ்சிய ஒட்டுத் துண்டில் ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்துக்கு ரோடு. ஆடு படுக்கவும் அந்தத் துண்டுதான், நீர்நாய் கடலிலிருந்து நன்னீருக்குப் போகவும் அதுதான் வழி, கழுகு பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்துவதும் அங்கேதான்.

முதலில் பாஸிங் பிளேஸ். எதிரில் வரும் வண்டிக்கு ஒதுங்க, ரோட்டின் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தி, வெள்ளைச் சதுரப் பலகையோ பழைய சாய்சதுரப் பலகையோ நட்டிருப்பார்கள். இங்கும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுவது. ஒதுங்கும் இடம் உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலக்கைப் பக்கம் இருந்தால் குறுக்கே பாய்ந்து அதற்குள் நுழையக்கூடாது. அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டால் எதிர்வண்டி அதற்குள் வளைந்து உங்களைச் சுற்றிப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். மேட்டில் ஏறி வருகிறவருக்கு வழிவிடுவது மரபு. டிரெய்லர் மாட்டிய வண்டியையும் சுற்றுலா பஸ்ஸையும் பின்னால் போகச் சொல்லி எதிர்பார்க்காதீர்கள், நீங்கள்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ஆகவே வேன் வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஃபெரி, அதாவது வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு தீவுக்கு வரும் கப்பல், ஏறுவதற்கு முன்பே, காலியான ஒரு கார் நிறுத்தத்தில், கண்ணாடியை மட்டும் பார்த்து ஐம்பது மீட்டர் நேராகப் பின்னால் போகப் பழகிக்கொள்வது நல்லது. மலைப்பக்க வளைவில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது.

ஒதுங்கும் இடம் எதிரே வருகிறவருக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பின்னால் ஒரு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கும் அங்கே வழிவிட வேண்டும். அதில் இருப்பது நர்ஸாக இருக்கலாம், ஃபெரியைப் பிடிக்க ஓடுகிறவராக இருக்கலாம். நீங்கள் காட்சி பார்த்துக்கொண்டு இருபது மைல் வேகத்தில் போகலாம், தவறில்லை. அவரையும் இருபதில் இழுத்துக்கொண்டு போவதுதான் தவறு. வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்குங்கள். தூக்காவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் உங்கள் காரின் நிறம் கிராமத்துக்குத் தெரிந்துவிடும்.

சட்டப்படி இந்த ரோடுகள் பலவற்றில் காருக்கு 60 மைல் வரை அனுமதி உண்டு. அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் 25 மைலே அதிகம்.

அடுத்து, ரோட்டின் விளிம்பு. பார்த்தால் புல் தரையாக, சமமாகத் தெரியும். அடியில் இருப்பது பீட் என்கிற கரிய சதுப்பு மண். தார் முடியும் இடத்தில் கூர்மையான ஒரு படி, அதற்கப்பால் தண்ணீர் ஊறிய பஞ்சு. எதிர்வண்டிக்கு ஒதுங்குகிறேன் என்று இடச்சக்கரம் இரண்டையும் புல்லில் இறக்கினால், முதலில் சக்கரம் இறங்கும், பிறகு காரின் அடிவயிறு தார் விளிம்பில் உட்காரும். அந்த நிமிஷம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்வது. சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்கான குழியைத் தானே தோண்டிக்கொள்ளும்; வண்டி இன்னும் சாயும்.

மிதிக்காதீர்கள். ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, ரோட்டுப் பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்குங்கள். சக்கரம் பாதிதான் புதைந்திருந்தால், கால்மிதி விரிப்பைச் சக்கரத்துக்கு முன்னால் திணித்து, இரண்டாவது கியரில் மெதுவாக, ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம். வரவில்லையென்றால் டிராக்டர்தான். டிராக்டர்காரர் வந்ததும் கேட்கப்போவது இழுவை வளையம். பெரும்பாலான கார்களில் அது டிக்கியில், ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் கிடக்கும் ஒரு தடித்த இரும்புக் கொக்கி. பம்பரில் சின்ன மூடி ஒன்றை நெம்பி எடுத்தால் அதற்கான துளை தெரியும். பல கார்களில் இது வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். தெரியாமல் வலப்பக்கம் திருகிவிட்டு, "இது இந்தக் காருக்கான வளையமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வளையம் முழுவதும் உள்ளே போய் முட்டும் வரை திருக வேண்டும், அரைகுறையாக நின்றால் இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். கயிற்றைச் சக்கரத்தின் பின்னால் தெரியும் ஏதோ ஒரு கம்பியில் கட்டினால் சஸ்பென்ஷன் வளைந்துவிடும். வண்டி எப்படி உள்ளே போனதோ அதே தடத்தில் வெளியே இழுப்பதுதான் சுலபம். ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல். கயிறு விறைக்கும்போது அருகில் யாரும் நிற்கக்கூடாது.

டயரும் இந்த விளிம்பில்தான் போகும். வாடகைக் கார்கள் பலவற்றில் ஸ்பேர் டயருக்குப் பதிலாக அடைப்புத் திரவமும் சின்ன பம்ப்பும்தான் இருக்கின்றன. டயரின் தரை படும் பாகத்தில் ஆணி ஏறினால் அது உதவும். தார் விளிம்பு கிழிப்பது டயரின் பக்கச்சுவரை. அதற்கு அந்தத் திரவம் பயன்படாது. க்ளென் மோர் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறவர்கள் மொபைல் சிக்னல் இல்லாத நீண்ட இடங்கள் வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அவசர உதவி எண்ணான 999க்கு அழைப்பு போகும்.

ஆடுகளுக்கு வருவோம். இங்கே பல இடங்களில் ரோட்டோரம் வேலி கிடையாது. தார் ஈரம் வடிந்து சீக்கிரம் காயும், வெயிலின் சூட்டைப் பிடித்தும் வைத்திருக்கும். அதனால் இரவில் ஆடு ரோட்டிலேயே படுக்கும். ஹாரன் அடித்தால் எழுந்து உங்களைப் பார்க்கும், அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் என்றால், கார் கிட்டே வந்த கடைசி நொடியில் குட்டி தாயிடம் ஓடும். ஒரு பக்கத்தில் ஆடு மட்டும் தெரிந்தாலும் மறுபக்கத்தில் குட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடைவேகத்துக்கு இறங்கிவிடுங்கள். மானும் இதே மாதிரிதான். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும். எது வந்தாலும் பிரேக்தான், ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. ஒடித்தால் மேலே சொன்ன பள்ளம்.

ஆட்டின் மேல் மோதிவிட்டால் அப்படியே போய்விட முடியாது. 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, பன்றி, வெள்ளாடு, நாய் இவற்றுக்கு அடிபட்டால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். உரிமையாளரிடம் பெயர், முகவரி கொடுக்க முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீஸில் தெரிவிக்க வேண்டும். பூனையும் மானும் அந்தப் பட்டியலில் இல்லை. காதிலிருக்கும் பிளாஸ்டிக் தோட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்துப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் முறை. உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும் ஆட்டைச் சொல்லாமல் விட்டுப் போவதை இங்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ஆடு மல்லாந்து கிடப்பது வேறு கதை. காலை நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, செத்துவிட்டது என்றோ வெயில் காய்கிறது என்றோ நினைத்துப் போய்விடுகிறார்கள். நிறைசினையாக இருக்கும்போதும், கம்பளி வெட்டுவதற்கு முன்னால் மயிர் கனத்து மழையில் ஊறியிருக்கும்போதும், முதுகு அரிப்புக்குப் புரளும் ஆடு சின்னக் குழியில் மாட்டிக்கொண்டால் தானாக எழ முடியாது. மல்லாந்த நிலையில் ஏப்பம் விட முடியாததால் அசைபோடும் வயிற்றில் வாயு ஏறிக்கொண்டே போய் நுரையீரலை அழுத்தும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதற்கு முன்பே காகமும் அண்டங்காக்கையும் கண்ணைக் கொத்த வந்துவிடும்.

தூக்கி நிறுத்த பலம் அவ்வளவு வேண்டாம், முறை வேண்டும். உதைக்கும் கால் பக்கம் போகாமல் முதுகுப் பக்கமாகப் போங்கள். ஒரு கை தோளருகே, ஒரு கை தொடையருகே, கம்பளிக்குள் விரலை ஆழமாக விட்டுத் தோல் வரை பிடியுங்கள். நுனிமயிரைப் பிடித்தால் கையோடு வந்துவிடும், அதற்கும் வலிக்கும். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் புரட்டுங்கள். எழுந்ததும் விட்டுவிடக்கூடாது. கால் மரத்துப் போயிருக்கும், விட்டால் அதே பக்கம் மறுபடி விழும். இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சில நிமிஷம் நில்லுங்கள். ஏப்பம் விடும், மூத்திரம் போகும், உடம்பு ஒரு உதறு உதறும். கால் உறுதியாக ஊன்றுவது உங்கள் முழங்காலுக்கே தெரியும். பிறகு முகத்தை ரோட்டுக்கு எதிர்த்திசையில் திருப்பி விடுங்கள். சினையாடு என்றால் பண்ணையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

நாயை அவிழ்த்துவிடுகிறவர்களுக்கு: ஆட்டை நாய் துரத்தினால் 2021 முதல் ஸ்காட்லாந்தில் 40,000 பவுண்டு வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். கடித்திருக்க வேண்டும் என்பதில்லை, துரத்தினாலே போதும்.

நீர்நாய் இங்கே கடலில் மீன் பிடித்தாலும் கடல்வாழ் இனம் கிடையாது. ஐரோப்பா முழுக்க ஆறுகளில் இருக்கும் அதே இனம். உப்பு படிந்தால் அதன் மயிர் குளிரைத் தாங்காது. ஆகவே அடிக்கடி ஓடையிலோ குட்டையிலோ அலசிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ரோட்டைக் கடக்கிறது. சாதாரண நாளில் ரோட்டுக்கு அடியிலுள்ள ஓடைக்குழாய் வழியாகவே போய்விடும். பெருமழையில் குழாய் முட்ட வெள்ளம் ஓடும்போது அதற்குள் நீந்தாமல் மேலே ஏறி ரோட்டைக் கடக்கும். எனவே நீர்நாய் கடக்கும் என்று எச்சரிக்கும் ரோட்டோரப் பலகையை மழைநாளில் இரண்டு மடங்கு நம்புங்கள். அடிபட்டுக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், எலும்பு வரை கடிக்கும். பின்னால் வரும் வண்டிகளை எச்சரித்துவிட்டு, விலங்கு நலச் சங்கமான ஸ்காட்லாந்து எஸ்பிசிஏவின் 03000 999 999 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

உயிரோடு பார்க்க ஆசையா? கடல் வற்றி, பாசிப் படுகை வெளியே தெரியத் தொடங்கும் நேரத்தில் லோக் ந கீல் போன்ற கடற்கழியோரம் உட்காருங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். தலை, முதுகு, வால் என்று மூன்று துண்டாகத் தண்ணீர் மேல் தெரியும். வால் நிமிர்ந்து மறைந்தால் முங்கிவிட்டது. அது உள்ளே இருக்கும் சில நொடிகள் மட்டும் நகர்ந்து, மேலே வரும்போது சிலையாக நில்லுங்கள். சின்ன மீனைத் தண்ணீரிலேயே தின்றுவிடும், பெரியது கிடைத்தால் கரைக்குக் கொண்டுவரும். கரையேறும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்காதீர்கள்.

இனி வெண்வால் கடற்கழுகு. பிரிட்டனின் கடைசிப் பறவை 1918இல் ஷெட்லாந்தில் சுடப்பட்டது. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அருகிலுள்ள ரம் தீவில் விட்டார்கள். 1985இல் மல் தீவில்தான் முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. சிறகை விரித்தால் 2.4 மீட்டர் வரை வரும். கொட்டகைக் கதவு பறக்கிற மாதிரி என்பது இங்கே வழக்கமான பேச்சு. பொன்கழுகு சிறகை ஆங்கில 'வி' போல் சற்றுத் தூக்கிப் பிடித்து மிதக்கும், இது பலகையாக விரித்திருக்கும். கடற்புறாவும் காகமும் கூட்டமாகக் கத்திக்கொண்டு எதையோ துரத்தினால் அங்கே பாருங்கள்.

கழுகு தெரிந்ததும் நாலு கார் பாஸிங் பிளேஸில் நின்றுவிடும், ஐந்தாவது கார் ரோட்டிலேயே நிற்கும். அதோடு ரோடு அடைபட்டது. அரை மைல் தள்ளி முறையான நிறுத்தம் இருந்தால் அங்கே விட்டு நடந்து வாருங்கள். கழுகு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காரும் பறவை, ஓடிவிடாது. கூட்டருகே போய்க் கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பண்ணைக்காரர்களிடம் கழுகைப் புகழும்போது கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். குட்டிகளைத் தூக்குகிறது என்ற அவர்கள் குறை வெறும் புலம்பல் இல்லை. அதைச் சமாளிக்கவே அரசு நிறுவனமான நேச்சர்ஸ்காட் ஒரு திட்டம் நடத்துகிறது. கழுகால் வரும் வருமானம் விடுதிக்காரருக்கு, நஷ்டம் ஆட்டுக்காரருக்கு என்றால் சண்டை வராமல் என்ன செய்யும்?

காரை விட்டு இறங்கினால் மிட்ஜ் என்கிற பொடிக் கடியன்களும் உண்ணியும். மிட்ஜுக்குக் காற்றுதான் மருந்து. மணிக்கு 7 மைலுக்கு மேல் வீசினால் அவற்றால் பறக்க முடியாது. உண்ணியை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். எண்ணெய், நெருப்பு வேண்டாம். மூன்று மாதத்துக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக நேரக் கணக்கு, ஏனென்றால் பல விபத்துகளுக்கு மூலகாரணம் அவசரம்தான். க்ரெய்க்னூர் ஃபெரித் துறையிலிருந்து பக்கத்து அயோனா தீவுக்குப் படகேறும் ஃபின்ஃபர்ட் வரை 37 மைல். வரைபடம் பார்த்து முக்கால் மணி நேரம் என்பார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எதிர்க்கரைத் துறைமுக ஊரான ஓபனிலிருந்து ஃபெரி வந்து நின்றதும் சுற்றுலா பஸ்களும் கார்களும் ஒரே சரமாக ஃபின்ஃபர்ட் பக்கம் கிளம்பும். அவசரமில்லையென்றால் இருபது நிமிஷம் கழித்துக் கிளம்புங்கள். அவர்களுக்கு எதிரே வரவேண்டியிருந்தால் பெரிதான ஒதுங்கும் இடமாகப் பார்த்து நின்று சரம் முழுவதும் போகும் வரை காத்திருங்கள். திரும்பும்போது ஃபெரி கிளம்பும் நேரத்தைக் கணக்கிடாதீர்கள், வண்டிகளை ஏற்றிக்கொள்வதை நிறுத்தும் நேரத்தைக் கணக்கிடுங்கள். அதற்கு மேலே ஆட்டுக்கென்று அரை மணி.