கணைய அழற்சி: வீட்டுக்கு வந்த பிறகு

கணைய அழற்சிக்கு (வயிற்றுக்குள் செரிமான என்சைம்களைச் சுரக்கும் கணையம் வீங்கிப் புண்படும் நோய்) சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தும் 'இன்னும் ஏன் உடம்பு இப்படி இருக்கிறது?' என்று திகைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நம்மைக் கவனிக்க ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் அவ்வளவாகச் சொல்லவில்லை.

வலியைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அது. மல்லாந்து படுக்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கலாம். வாந்தி எடுத்தாலும் குறையாது. இப்படி வந்தால் வாயு, அல்சர் என்று காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இந்த வலியோடு ரத்தத்தில் லைப்பேஸ் என்ற என்சைமும் இயல்பான உச்ச அளவைப் போல 3 மடங்குக்கு மேல் இருந்தால் கணைய அழற்சி என்று உறுதி செய்கிறார்கள். உணவைச் செரிக்க வேண்டிய என்சைம்கள் குடலுக்குப் போகும் முன்பே விழித்துக்கொண்டு கணையத்தையே அரிக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். அதை நேரடியாக நிறுத்த மருந்து இல்லை. டிரிப்ஸ், வலிக்கு ஊசி, விடாத கண்காணிப்பு, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே அடங்கிவிடும். சிலருக்குக் கணையத்தின் ஒரு பகுதி அழுகி, நீண்ட காலம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடும்.

படுக்கையில் இருந்தபோது ஆளுக்கு ஆள் என்னிடம் கேட்டது, "குடிப்பீர்களா?" மருத்துவர் கேட்பது நியாயம், அவர் கேட்டே ஆக வேண்டும். பார்க்க வந்தவர்கள் கேட்ட விதம்தான் வலித்தது. மது ஒரு பெரிய காரணம்தான். ஆனால் பித்தப்பைக் கல்லும் அதே அளவு பெரிய காரணம். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1000 mg/dL-ஐத் தாண்டினாலும் வரும், சில மருந்துகளாலும் வரும், காரணமே பிடிபடாமல் போவதும் உண்டு. குடிப்பழக்கத்தால் வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குடியை விட்டால் மறுபடி வரும் வாய்ப்பு உண்மையிலேயே குறைகிறது. அதற்கு உதவி கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். சிகரெட்டும் கணையத்துக்கு ஆகாது, அதையும் விட வேண்டும்.

எனக்குக் காரணம் கல். வலி அடங்கியதும் வீட்டுக்குப் போய்விட்டுச் சில வாரம் கழித்து ஆபரேஷனுக்கு வருகிறேனே என்று கேட்டேன். மருத்துவர் சம்மதிக்கவில்லை. பித்தப்பை இருக்கும்வரை எந்த நேரத்திலும் இன்னொரு கல் நழுவிக் கணையக் குழாயின் வாயை அடைக்கலாம், லேசான அழற்சி என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கும் அதே தடவையிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். அவர் அன்று பிடிவாதமாக நின்றதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். 'எனக்கு இது எதனால் வந்தது?' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். பதில் தெரியவில்லை என்றால் அடுத்து என்ன பரிசோதனை என்றாவது கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் வீடு. அசதி அப்படியொரு அசதி. குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிது சாப்பாட்டுப் பயம். பசிக்கும், ஆனால் வாயில் வைத்ததும் அந்த வலி நினைவுக்கு வந்துவிடும். வயிற்றில் லேசாக எது இழுத்தாலும் நெஞ்சு படபடக்கும். வீட்டில் இருப்பவர்கள் 'தேற வேண்டாமா, இன்னும் கொஞ்சம்' என்பார்கள். அவர்கள் அன்பு புரியும், ஆனால் சாப்பிட முடியாது. கொழுப்பு குறைந்த உணவை ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டது உதவியது. எதைச் சாப்பிட்டேன், பிறகு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதியது அதைவிட உதவியது. பெரும்பாலான நாட்களில் எதுவும் ஆகவில்லை என்று என் கையெழுத்திலேயே பார்த்தபோதுதான் பயம் தளர்ந்தது.

ஆனாலும் எடை ஏறவில்லை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன் மிதந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் மருத்துவரிடம் சொன்னேன். மலத்தில் எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் ஒரு என்சைம்) பரிசோதனை எடுத்தார்கள். அளவு ஒரு கிராம் மலத்துக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்ததால், கணையம் போதிய என்சைம் சுரக்கவில்லை என்று என்சைம் கேப்சூல் கொடுத்தார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து, முதல் கவளத்திலேயே தொடங்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் அவ்வளவு பலன் இருக்காது. எடை மெல்ல ஏறத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இன்சுலின் சுரப்பதும் கணையம்தான் என்பதால் சர்க்கரை அளவையும் அவ்வப்போது பார்த்து வருகிறேன். காய்ச்சல், கண் மஞ்சளாவது, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வயிறு வீங்குவது, பழைய வலி திரும்புவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அழற்சி தொடங்கிச் சில வாரங்கள் கழித்துக்கூடக் கணையத்தைச் சுற்றி நீர் தேங்கிக் கட்டியாகலாம். அதனால் டிஸ்சார்ஜ் தாளையும் ஸ்கேன் அறிக்கையையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.