டிரைவர் சீட்டுக்குக் கீழே

லாரியில் டிரைவர் சீட் முதலில் சாகிற இடம் வலது ஓரம். கதவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. டிரைவர் இறங்கும்போதெல்லாம் தொடை அந்த ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு வரும். ஏறும்போது மொத்த எடையையும் அங்கே போட்டுவிட்டுத்தான் உள்ளே நகர முடியும். இடது ஓரத்துக்கு வேறு விதமான சாவு. பழைய வண்டிகளில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். அந்தச் சூட்டில் ரெக்சின் காய்ந்து அப்பளம் போல வெடித்துவிடும். நாமக்கல்லில் பல வருடமாக சீட் வேலை பார்க்கிறேன். இந்த இரண்டு ஓரங்களையும் நடுப்பள்ளத்தையும் பார்த்தாலே அந்த வண்டியின் பிழைப்பு பாதி தெரிந்துவிடும். ஜல்லி, மணல் என்று ஊருக்குள் ஏறி இறங்கி ஓடுகிற வண்டியில் ஓரம் நைந்திருக்கும், நடு நன்றாக இருக்கும். குஜராத், கல்கத்தா என்று போகிற வண்டியில் நடுதான் குழிந்திருக்கும்.

எங்கள் ஊரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாடி கட்டுவதற்கு நாமக்கல், லாரிக்கு சங்ககிரி, போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு திருச்செங்கோடு என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும்தான் வரும். இன்ஜின், ஸ்டியரிங், முன்பக்கத்தில் ஒரு தகடு, அவ்வளவுதான். அதை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ப்பதே ஒரு தனி வேலை. கேபினை இங்கே ஆசாரி மரத்தில் கட்டுவார். டிரைவர் சீட் என்பது ஒரு மரப்பெட்டி, மேலே பலகை, அதன் மேல் தேங்காய் நார் மெத்தை, மேலே ரெக்சின். பெட்டிக்குள் சாமான் போட்டுக்கொள்ளலாம். டாடா 1613 வண்டிகள் நிறைய இப்படித்தான் ஓடின, இன்றும் சில ஓடுகின்றன. முன்னே பின்னே நகராது, முதுகு சாயாது. ஆசாரி யாருடைய உயரத்தை மனதில் வைத்துப் பெட்டியை அடித்தாரோ அந்த உயரத்து ஆளுக்குத்தான் அது சரியாக இருக்கும்.

கம்பெனி கேபின் வந்த பிறகு இரும்பு ஃபிரேம், ஸ்பிரிங், ஸ்லைடர் எல்லாம் வந்தன. ஆனால் பழசாகிவிட்டால் கதை ஒன்றுதான். வண்டியை வாங்கிய நாலாம் வருடத்துக்கு மேல் சீட்டுக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை. பெயிண்டுக்கு ஒதுக்குவார்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும், அதனால் அதற்குக் கணக்கு உண்டு. டயருக்கு ஒதுக்குவார்கள், வேறு வழியில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் கேபினுக்குள் புதுத் திரை, குஞ்சம், சாமி படத்துக்கு லைட் எல்லாம் வரும். அதற்கு நடுவில் டிரைவர் ஒரு மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு பத்துச்சக்கர டாரஸ் லாரி வந்தது. டிரைவருக்கு ஐம்பதைத் தொடுகிற வயது. இறங்கும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

"தம்பி, இடுப்பு விட்டுப் போச்சு. நல்ல கனமா, மெத்துனு ஸ்பாஞ்ச் போட்டுக் குடு."

முதலாளி போனில் வந்தார். "பெருசா ஒண்ணும் வேண்டாம் தம்பி. மேல ரெக்சின் மட்டும் மாத்தி விடு. நாளைக்கு லோடு இருக்குது."

இரண்டு பேரும் கேட்டது மேலே இருப்பதை. இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டு சீட்டைக் கழற்றினேன். எந்தப் பழைய சீட்டையும் வண்டியிலிருந்து இறக்காமல் நான் விலை சொல்வதில்லை. பின்பக்க போல்ட் இரண்டும் துருவில் பிடித்திருந்தன. எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் திருப்ப முடிந்தது. முன்பக்க இரண்டில் ஒன்று அந்த இடத்துக்கான போல்ட்டே இல்லை. யாரோ வழியில் கையில் கிடைத்ததை மாட்டி, ஓட்டையில் ஆடாமல் இருக்கத் தகரத்தை மடித்துச் செருகியிருந்தார்கள்.

உறையைப் பிடித்திருக்கும் வளையக் கம்பிகளை வெட்டி எடுத்தால், உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் மஞ்சள் மாவாகக் கொட்டியது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழேதான் விஷயம். ஜிக்ஜாக் ஸ்பிரிங்கில் வலப்பக்கத்தது கொக்கியிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது நடுவில் முறிந்து, முறிந்த முனை மேலே திரும்பி ஸ்பாஞ்சைத் துளைத்திருந்தது. அது அவரைக் குத்தியிருக்க வேண்டும். கேட்டேன். "ஆமா, அதுக்குத்தான் போர்வை" என்றார்.

வலப்பக்கம் ஸ்பிரிங் இல்லாத சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு வலது பக்கம் இறங்கும். ஆனால் ரோட்டை நேராகப் பார்த்தாக வேண்டும், கியருக்கு இடது கையை நீட்ட வேண்டும். அதனால் மேல் உடம்பு இடது பக்கம் வளையும். கீழே ஒரு பக்கம், மேலே ஒரு பக்கம் என்று வளைந்தபடி ராத்திரி முழுக்க ஓட்டினால் இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? இதில் பின் பாக்கெட்டில் தடிமனாக ஒரு பர்ஸ் வேறு. இதற்கு மேல் எத்தனை அங்குலம் ஸ்பாஞ்ச் போட்டாலும் அதுவும் அதே பக்கம் சாய்ந்துதான் இறங்கும். ரோடு சரியில்லை, வயதாகிவிட்டது என்றுதான் பெரும்பாலான டிரைவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டுக்கும் வயதுக்கும் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. கொக்கி விட்டுப்போன ஸ்பிரிங்குக்கும் உண்டு.

அதைவிட எனக்குப் பயமாக இருந்தது ஸ்லைடர். சீட்டை முன்னே பின்னே தள்ளிப் பூட்டுகிற ரெயிலில் பல் இருக்கும். இடது ரெயிலில் பல் தேய்ந்து மழுங்கிவிட்டது. வலது ரெயில் மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் விட்டால் என்ன ஆகும்? தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் சீட் முன்னால் ஓடும், ஆள் ஸ்டியரிங்கில் போய் இடிப்பார். ஏற்றத்தில் சீட் பின்னால் போனால் கால் கிளட்சை விட்டு வந்துவிடும். சில வண்டிகளில் சீட் பெல்ட் கொக்கியும் சீட் ஃபிரேமிலேயே மாட்டியிருக்கும். அப்படியானால் அந்த நாலு போல்ட்டும் ரெயிலும்தான் மனுசனையும் பிடித்திருக்கின்றன. தகரத்தைச் செருகி வைக்கிற இடமா அது?

முதலாளிக்கு போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "செய்யிறதச் செய்யி" என்று வந்தது. வண்டிக்காரரே ஓட்டும் வண்டி என்றால் இந்தப் பேரமே இருக்காது, அவரே கூட நின்று ஸ்பாஞ்சை அமுக்கிப் பார்ப்பார். முதலாளி ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர் என்றால் வலி ஒருவருக்கு, பில் ஒருவருக்கு. அதற்காக எல்லா முதலாளிகளையும் குறை சொல்ல மாட்டேன். லோடு கிடைக்காமல் வண்டி நிற்கிற மாதத்தில் தவணை நிற்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு டிரைவர் சீட்டை ஃபிரேம் வரை பிரித்துச் சரிசெய்ய ஒரு டயர் விலைகூட ஆகாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. கடையில் போய் "40 டென்சிட்டி குடுங்க, கெட்டியா இருக்கும்" என்கிறார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்கிற கணக்கு. 40 என்றால் 40 கிலோ. அது கெட்டியா மெத்தா என்று அந்த எண் சொல்லாது, அதற்கு வேறு அளவு. அதே 40-லேயே மெத்தென்றும் கிடைக்கும், விறைப்பாகவும் கிடைக்கும். டென்சிட்டி கூடினால் பொதுவாக நாள்பட உழைக்கும், சீக்கிரம் குழியாது, அவ்வளவுதான். கையால் அமுக்கிப் பார்த்து வாங்குவதும் வீண். கை எவ்வளவு எடை போடும்? தரையில் வைத்து முழங்காலை ஊன்றிப் பார்க்க வேண்டும். முழங்கால் தரையைத் தொட்டுவிட்டால் அந்த ஸ்பாஞ்ச் லாரிக்கு ஆகாது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினால் டிரைவர் நேராக ஃபிரேம் மேல்தான் விழுவார்.

நான் போடுவது அடியில் ரீபாண்ட் ஒரு அடுக்கு, மேலே விறைப்பான 40 ஒரு அடுக்கு. ரீபாண்ட் என்பது வெட்டுத்துண்டுகளை அரைத்து அழுத்திச் செய்வது, பல நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். பார்க்க மட்டமாகத் தெரியும், வேலைக்கு உறுதி. ஸ்பிரிங்குக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் தடித்த சாக்கு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஒவ்வொரு குலுங்கலிலும் ஸ்பாஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவுக்கு வைத்து சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவேன். முழுக்க ரெக்சின் வேண்டாம் என்று டாரஸ் டிரைவரிடம் சொன்னேன். உட்காரும் இடத்தில் துணி, தேய்கிற இரண்டு ஓரத்திலும் ரெக்சின். இந்த ஊர் வெயிலில், அந்த இன்ஜின் சூட்டில், முழு ரெக்சின் சீட் என்பது வேர்வைத் தொட்டி. துடைக்க வசதி என்று முதலாளிகளுக்குப் பிடிக்கும். அதில் பத்து மணி நேரம் உட்காருகிறவர்களுக்குப் பிடிக்காது.

புது சஸ்பென்ஷன் சீட்டே போட்டுவிடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நல்ல சாமான்தான். அடியில் கத்தரி மாதிரியான கால்கள், ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க ஒரு டேம்பர், முன்னால் உடம்பு எடைக்குத் திருகி வைக்க ஒரு குமிழ். ஏர் சீட் என்றால் பிரேக்குக்கு வரும் காற்றிலிருந்தே ஒரு குழாய். அது ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் விநாடிக்கு 4 முதல் 8 முறை வரை வருவதைத்தான் மோசமாக உணர்கிறது. வெறும் ஸ்பாஞ்ச் சீட்டும் ஏறக்குறைய அந்த வேகத்திலேயே ஆடுவதால், சில ரோடுகளில் அது குலுக்கலைக் குறைக்காமல் கூட்டிவிடும். சஸ்பென்ஷன் சீட் விநாடிக்கு ஒன்றிரண்டு முறை மெதுவாக ஆடும்படி செய்யப்பட்டது, அதனால் வேகமான குலுக்கல் மேலே வராது. ஐரோப்பாவில் 2002-லேயே இந்தக் குலுக்கலை அளந்து, எட்டு மணி நேர வேலைக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று எண் வைத்துவிட்டார்கள்.

ஆனால் பழைய லாரியில் அதை வாங்கி வந்து மாட்டிவிட முடியாது. உயரம்தான் சிக்கல். மரப்பெட்டியின் மேலேயே சஸ்பென்ஷன் சீட்டை வைத்தால் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும், பாதம் மிதிக்கு எட்டாமல் தொங்கும், முன் கண்ணாடியின் மேல் விளிம்பு பார்வையை மறைக்கும். பெட்டியை வெட்டி இறக்க வேண்டும். அதற்கு முன்னால் கீழே தரைத் தகடு போல்ட்டைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த தகட்டில் நல்ல சீட்டை மாட்டினால் ஒருநாள் தகட்டோடு பிய்ந்து வரும். குமிழையும் திருகி வைக்கத் தெரிய வேண்டும். ஐம்பது கிலோ ஆள் ஓட்டிய சீட்டில் தொண்ணூறு கிலோ ஆள் அப்படியே உட்கார்ந்தால் அது அடியில் இடித்துக்கொண்டே வரும், சீட் சரியில்லை என்று என்னைத் திட்டுவார்.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற அரசு விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. நல்லதுதான், ரொம்ப நாளைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் கடைக்கு வருகிற வண்டிகளுக்கு அந்த விதி கிடையாது, அவை எல்லாம் அதற்கு முன் பிறந்தவை. அவற்றின் டிரைவர்களுக்குக் கிடைக்கிற சௌகரியம் எங்களைப் போன்ற கடைகளில் தைத்துக் கொடுப்பதுதான்.

டாரஸுக்கு சஸ்பென்ஷன் வேண்டாம் என்று முடிவானது. ஃபிரேமில் சாய்மானம் சேரும் இடத்தில் வெல்டிங் விரிசல் ஒன்று இருந்தது. அதைத் தேய்த்துப் பற்றவைத்தோம். ஸ்பிரிங் ஐந்தும் புதிது, கொக்கியும் புதிது. ரெயில் ஜோடியாக மாற்றினோம், ஒன்று தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, பூட்டு சேர்ந்து விழாது. போல்ட் நாலும் தலையில் 8.8 என்று உறுதியின் தர எண் அடித்தது. மாட்டியதும் டிரைவரை ஏற்றி உட்காரச் சொல்லி கிளட்சை அடிவரை மிதிக்கச் சொன்னேன். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். சீட்டின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் மூன்று விரல் போக வேண்டும். இல்லாவிட்டால் தொடை அமுங்கிக் கால் மரத்துப்போகும். அவருக்கு விரல் போகவில்லை. ஸ்பாஞ்சின் முன் விளிம்பைச் சரிவாகச் சீவி மறுபடி உறையை இழுத்து மாட்டினோம்.

"என்ன தம்பி, கட்டாந்தரை மாதிரி இருக்குது" என்றார். மெத்தென்று கேட்டவர் அல்லவா. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கண்ணா என்றேன். நாக்பூருக்குப் பக்கத்திலிருந்து போன் வந்தது. சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளீனர் பக்கப் பலகைக்கும் இதே மாதிரி போட எவ்வளவு ஆகும், முதலாளியிடம் நான் பேசுவேனா என்று கேட்டார்.

இரண்டு லோடு அடித்ததும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். பாதிப் பேர் செய்வதில்லை. அதனால் இப்போது இறுக்கி முடித்ததும் போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. வண்டி கழுவுகிற கிளீனர் பையனுக்கே அது கண்ணில் படும்.