மால்டாவுக்கு வேலைக்கு வருகிறீர்களா? முதலில் வீட்டு ஒப்பந்தத்தைக் கவனியுங்கள்

ரெசிடென்ஸ் கார்டு கைக்கு வந்துவிட்டது. வங்கிக் கணக்கில் சம்பளமும் விழுந்துவிட்டது. அந்த நிம்மதியில் எழுதுகிறேன், ஆனாலும் நடுவில் பட்ட அவதியின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மால்டாவுக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வேலையையும் விசாவையும் பற்றித்தான். வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இங்கே கார்டு, வங்கி, சம்பளம், கரண்ட் பில் எல்லாமே கடைசியில் போய் நிற்பது வாடகை ஒப்பந்தத்தில்தான். அது சரியில்லையென்றால் நல்ல வேலை இருந்தும் பரிதவிக்க வேண்டியதுதான்.

வேலை ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். வேலைக்கும் தங்குவதற்கும் சேர்த்துத் தரும் ஒரே அனுமதியான சிங்கிள் பர்மிட்டுக்கான விண்ணப்பத்தை நிறுவனமே ஆன்லைனில் போட்டது. மால்டா அரசின் வேலைவாய்ப்பு அமைப்பான ஜாப்ஸ்பிளஸின் பரிசீலனை, மருத்துவக் காப்பீடு, காசநோய்ப் பரிசோதனை, ஒப்புதல் கடிதம், இந்தியாவிலிருந்தே தேசிய விசா எல்லாம் மெதுவாக நகர்ந்தாலும் சிக்கலில்லாமல் முடிந்தன. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஊரிலேயே முடித்துவிட்டு வர வேண்டிய ஒன்று உண்டு: பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போய் இன்னொரு பெயர். ஊரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. வெளிநாட்டில் ஒவ்வொரு படிவத்திலும் சர்நேம் கட்டாயம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விசிட் விசாவில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோதே நம் ஊர்க்காரர்கள் பலர் விமான நிலையத்தில் தவித்தார்கள். அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்வதென்றால், வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். பர்மிட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்போர்ட் எண் மாறினால் எல்லாக் காகிதத்தையும் மறுபடி மாற்ற வேண்டும். மாற்ற நேரமில்லையென்றால், இனிஷியல் போட்ட பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னிலையில் அஃபிடவிட் எடுத்து, பட்டச் சான்றிதழை அபோஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று முத்திரை) செய்யும்போதே அதையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். எனக்கு அந்த அஃபிடவிட்தான் பின்னால் கை கொடுத்தது.

இனி வீடு. வந்து இறங்கியதும் கைரேகை, புகைப்படம் கொடுக்க ரெசிடென்ஸ் கார்டு வழங்கும் அரசு அமைப்பான இடென்டிட்டாவின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டியில் பதிவாகியிருக்க வேண்டும். கூடவே வழக்கறிஞரோ நோட்டரியோ சான்றளித்த வாடகை உறுதிமொழிப் படிவமும் வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் ஒரு தரகர் மூலம் கிஸீரா என்ற கடலோர ஊரில் ஒரு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டைப் பேசி முடித்தேன். பதிவு உண்டா என்று வீட்டைப் பார்க்கும்போதே கேட்டேன், உண்டு என்றார்கள். வீட்டைப் பிடித்து வைக்க ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போடும் நாளன்றுதான் வீட்டுக்காரரின் உண்மையான கணக்கு தெரிந்தது. பேசிய வாடகை 850 யூரோ. ஒப்பந்தத்தில் 500 என்று இருந்தது. மீதி 350-ஐ மாதாமாதம் காசாகக் கையில் கொடுக்க வேண்டுமாம். வாடகை வருமானத்துக்கு இங்கே 15 சதவீத வரி. அதைக் குறைக்க என்னைப் பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். டெபாசிட் தொகை எழுதும் இடமும் காலி, வீட்டிலுள்ள பொருட்களின் பட்டியலும் இல்லை. முடியாது என்றேன். அப்படியானால் வீடு இல்லை, முன்பணமும் திரும்பாது என்றார். தரகர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கமிஷன் அரை மாத வாடகை, அதற்கு மேல் 18 சதவீத வாட் வரி. அந்தப் பணத்தை வாங்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தபோது கடற்கரைச் சாலையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். இங்கே வருகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது அது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் தனியார் குடியிருப்பு வாடகைச் சட்டம். ஒப்பந்தம் தொடங்கிய 10 நாளுக்குள் வீட்டுக்காரர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத ஒப்பந்தம் செல்லாது. அவர் செய்யாவிட்டால் வாடகைதாரரே பதிவு செய்து, அந்தச் செலவை அவரிடம் வாங்கலாம். வாடகை, டெபாசிட், கால அளவு, பொருட்பட்டியல் எல்லாம் எழுத்தில் இருந்தாக வேண்டும். நெடுங்கால வாடகை என்றால் குறைந்தது ஒரு வருடம். ஒரு வருட ஒப்பந்தத்தில் முதல் 6 மாதம் இருந்தாக வேண்டும், அதன்பின் ஒரு மாத முன்னறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் காலி செய்யலாம். அதேபோல் காலம் முடிவதற்கு 3 மாதம் முன்பே வீட்டுக்காரர் பதிவுத் தபாலில் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் தானாக நீளும். டெபாசிட் போன்ற 5,000 யூரோவுக்கு உட்பட்ட தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்புக் குழுவே இருக்கிறது. பலரும் வாய்ப்பேச்சை நம்பி டெபாசிட்டை இழந்து ஊருக்குப் போகிறார்கள். இந்தச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை அந்த வீட்டுக்காரருக்கும் தரகருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். நான் கேட்டது, அவர்கள் சொன்னது, பணம் கொடுத்த தேதி, 500 என்று எழுதிய ஒப்பந்தத்தின் படம், எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். அன்று சாயங்காலமே முன்பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. கமிஷன் மட்டும் வரவில்லை. அதற்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், பேச்சை எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தை நான் படம் எடுத்திருக்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

பிர்கிர்காரா என்ற ஊரில் இப்போது இருக்கும் வீடு சக ஊழியர் ஒருவர் வழியாகக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. சமையலறை மேசையில் எண்ணெய்த் துணியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார். வாடகை என்று வந்த இடத்தில் நிறுத்தி, இது சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை அறை அறையாக அழைத்துப்போய், சுவரில் ஈரம் பூத்திருந்த மூலையைக் கூடப் படம் எடுக்கச் சொன்னார். பின்னால் அதற்காக என் டெபாசிட்டில் யாரும் கை வைக்கக் கூடாதாம். அந்த வாரமே பதிவு முடிந்தது. நோட்டரியிடமும் அவரே கூட வந்தார். அதன்பின் கைரேகை கொடுப்பது ஒரு காலை வேலையாக முடிந்துவிட்டது.

இடைக்கால ரசீது கொடுப்பார்கள். அதை வைத்து வேலை பார்க்கலாம். ஆனால் அதை நம்பி இத்தாலிக்கோ ஊருக்கோ டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஷெங்கன் நாடுகள் (எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) வழியாகப் போய்வர அது பயணப் பத்திரம் ஆகாது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனில் பார்த்தார். கார்டு வந்த பிறகு நாள் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வங்கி. கார்டு இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் வாங்குவது பெரும்பாடு. நான் போன வங்கியில் ரசீதைக் காட்டியபோது கார்டோடு வா என்றார்கள். கார்டோடு போனபோது ஊர் வங்கியிலிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்டார்கள். திருச்சியில் என் கிளை மேலாளர் அப்படி ஒன்றை எழுதியதே இல்லை என்றார். அண்ணன் நேரில் போய் உட்கார்ந்து மாதிரியைக் காட்டி வாங்கி அனுப்பினார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கவுன்ட்டரில் இருந்த பெண் கடிதத்தில் என் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை இனிஷியலைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். பாஸ்போர்ட்டில் இது இல்லையே என்றார். அஃபிடவிட்டைக் கொடுத்தேன். மேலே அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்தார். அதன்பின் வாரக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டாம். 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு ஒன்று இருக்கிறது. அதன்படி ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. விண்ணப்பம் முழுமையாகக் கிடைத்த 10 வேலை நாளுக்குள் வங்கி கணக்கைத் திறக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு, அடிப்படைக் கணக்குதான் கேட்கிறேன் என்று எழுதி, பதில் வராவிட்டால் நிதிச் சேவைகள் தீர்ப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுப்பேன் என்றும் சேர்த்தேன். கோபமாக ஒரு வார்த்தை இல்லை, விதி மட்டும். கணக்கு திறந்துவிட்டது என்று தொலைபேசியில் அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்த நிமிடம் மேசையில் கையைத் தட்டியதில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இதற்கு நடுவில் சம்பளத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கார்டு வந்த அன்றே ஓர் ஆன்லைன் வங்கியில் கணக்குத் தொடங்கினேன். அதன் ஐபான் எண் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) எல்டி என்று லிதுவேனியாவின் எழுத்தில் தொடங்கும். மால்டா எண்தான் வேண்டும் என்றது எங்கள் மனிதவளப் பிரிவு. யூரோவில் சம்பளம் போடும் நிறுவனம் எந்த ஒன்றிய நாட்டின் ஐபான் என்று பார்த்து மறுக்கக் கூடாது என்பது 2012-ஆம் ஆண்டின் செபா (யூரோ பணப்பரிமாற்றத்துக்கான ஐரோப்பிய ஏற்பாடு) ஒழுங்குமுறை. அதை அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள்.

குடிபுகுந்த வாரமே கரண்ட், தண்ணீர் பில்லையும் பாருங்கள். ஆர்ம்ஸ் நிறுவனப் பில்லில் ரெசிடென்ஷியல், டொமெஸ்டிக் என்று இரண்டு விகிதம் உண்டு. பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும், வசிப்பவர்களின் எண்ணிக்கை பதிவாகாத வீட்டுக்கு விழுவது டொமெஸ்டிக், அதாவது கூடுதல் விகிதம். வீட்டுக்காரரிடம் சொல்லி ஆள் எண்ணிக்கையைப் பதிவு செய்ய வையுங்கள். ஏசியும் ஹீட்டரும் ஓடும் மாதங்களில் வித்தியாசம் கண்ணைக் கட்டும். குளிர்காலம் இங்கே ஈரக்குளிர், சுண்ணாம்புக்கல் சுவர் அப்படியே ஈரத்தை உறிஞ்சும். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருக்கிற வீடா என்று கேட்டு எடுங்கள். பேருந்துக்குத் தல்லின்யா கார்டு வாங்கிவிடுங்கள், சொந்தப் பெயரில் அந்த அட்டை வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு 2022 அக்டோபர் முதல் பயணம் இலவசம்.

ஏஜென்ட் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பேருந்தில் பழக்கமான புதுக்கோட்டைப் பையன் ஒருவன், உணவு டெலிவரி வேலைக்கு வந்தவன். "அண்ணா, வீட்டை அடகு வச்சுக் கட்டினோம்" என்றான். சொன்ன சம்பளம் ஒன்று, இங்கே கைக்கு வருவது வேறு. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், கூட ஜிஎஸ்டி. அவ்வளவுதான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். மால்டா தரப்பிலும் வேலை தேடுபவரிடம் பணம் வாங்க ஏஜென்சிகளுக்கு அனுமதி கிடையாது. அந்தப் பையனை உட்கார வைத்து, அவனுடைய வேலைப் பதிவை ஜாப்ஸ்பிளஸிலிருந்து எடுத்தோம். ஒப்பந்தத்தில் இருக்கும் வேலையும் பதிவில் இருக்கும் வேலையும் ஒன்றுதானா என்பது அதில் தெரியும். நீங்களும் வந்த முதல் மாதமே எடுத்துப் பாருங்கள். ஊரில் அவன் அப்பா சென்னைக்குப் போய், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார். ஜிபேயில் அனுப்பிய தொகைக்கு ஆதாரம் இருக்கிறது. கையில் எண்ணிக் கொடுத்த பெரும்பகுதிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதை எப்படி நிரூபிப்பது என்றுதான் இப்போது இரண்டு பேரும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம். இதே போன்ற புகாரில் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், அவனுக்கு உதவியாக இருக்கும்.