மூளை போதாது என்றார்கள்

பால்டிமோரில் ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானத்துக்கு வெளியே ஜானி யுனைட்டஸின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஆட்ட நாட்களில் உள்ளே போகிறவர்கள் அதன் ஷூவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறார்கள். இத்தனைக்கும் ரேவன்ஸுக்காக அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவர் ஆடியது கோல்ட்ஸ் அணிக்கு. அந்த அணியை 1984-ல் இரவோடு இரவாக லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் அலுவலகத்தில் பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்த லாரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் முகம் சிவந்துவிடும். ‘ஜானி யூ’ என்று சொல்லும்போது மட்டும் குரல் தணியும். அவர் கிளப்பிவிட்ட ஆர்வத்தில்தான் யுனைட்டஸைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

எல்லோரும் பேசுவது அவருடைய சாதனைகளை. எனக்குப் பிடித்துப்போனது 1955-ம் வருஷம். சாதனை என்று ஒன்றுமே இல்லாத வருஷம் அது.

அதற்கு முன் கொஞ்சம் பின்கதை. பிட்ஸ்பர்க் நகரத்தில் 1933-ல் பிறந்தவர், லித்துவேனிய வம்சாவளி. ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். வீடு வீடாக நிலக்கரி கொண்டுபோய்க் கொடுக்கும் அப்பாவின் தொழிலை அம்மா ஹெலன் தொடர்ந்து நடத்தினார். வேறு வேலைகளுக்கும் போய் நான்கு பிள்ளைகளை வளர்த்தார். பள்ளி முடிந்ததும் நோட்ர டேம் பல்கலைக்கழக அணியில் முயன்றார் ஜானி. 66 கிலோதான் இருந்தார். ஆள் ஒல்லி, தாங்க மாட்டான் என்று அனுப்பிவிட்டார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, நுழைவுத் தேர்வில் இவர் தேறவில்லை. கடைசியில் கென்டக்கியில் லூயிவில் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் சீக்கிரமே கால்பந்துக்கு ஆதரவைக் குறைத்து, மதிப்பெண் போதாத ஆட்டக்காரர்களைக் கழித்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறையில் தாக்குதல், தற்காப்பு இரண்டிலுமே ஆடினார்.

சரி, 1955-க்கு வருவோம். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுக்கும் தேர்வில், சொந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் அவரை ஒன்பதாவது சுற்றில், 102-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பயிற்சி முகாமில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் நான்கு பேர், இடமோ மூன்று. பயிற்சியாளர் வால்ட் கீஸ்லிங் ஆரம்பத்திலேயே முடிவுகட்டிவிட்டார்: இந்தப் பையனுக்கு ஒரு அணியை நடத்தும் அளவுக்கு மூளை போதாது. முகாம் ஆட்டங்களில் ஒரு தடவைகூட இறக்கிப் பார்க்காமலே வெளியே அனுப்பினார். பேருந்துக் காசை மிச்சப்படுத்த, வழியில் போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வீடு வந்து சேர்ந்தார் யுனைட்டஸ். வயது 22. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பகலில் கட்டுமான இடத்தில் பைலிங் வேலை. வாரக் கடைசியில் புளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற பேட்டை அணிக்கு ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர். புல் கிடையாது, வெறும் மண். புழுதி கிளம்பாமல் இருக்க எண்ணெய் தெளித்திருப்பார்கள். அதில் விழுந்து எழுந்தால் உடம்பு எப்படி இருந்திருக்கும்! அந்த 6 டாலருக்குக் குவார்ட்டர்பேக்காகவும் ஆடினார், தற்காப்பிலும் நின்றார், பந்தை உதைத்தும் கொடுத்தார். என்னைக் கேட்டால், முகாமில் இறக்கிப் பார்க்காத கீஸ்லிங்கைவிட இந்த எண்ணெய்த் தரைதான் அவருக்கு நல்ல பயிற்சியாளர்.

1956-ல் கோல்ட்ஸ் கூப்பிட்டுப் பார்த்தது. முதன்மை ஆட்டக்காரர் ஜார்ஜ் ஷா, யுனைட்டஸ் அவருக்கு மாற்று. அக்டோபரில் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக ஷாவுக்குக் காலில் அடிபட, இவர் இறங்கினார். வீசிய முதல் பாஸையே எதிரணியின் ஜே.சி. கேரலைன் பறித்துக்கொண்டு நேராக ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். அப்புறம், பக்கத்திலிருப்பவன் கையில் பந்தைக் கொடுக்கும்போது அதுவும் நழுவி எதிரணிக்குப் போனது. 58-27 என்று மொத்து வாங்கினார்கள். கீஸ்லிங் செய்தித்தாள் பார்த்திருந்தால் மீசை முறுக்கியிருப்பார். ஆனால் அடுத்து கிரீன் பேயை வென்றார்கள், கிளீவ்லாண்டை வென்றார்கள். அந்த டிசம்பரில் தொடங்கி 1960 வரை தொடர்ச்சியாக 47 ஆட்டங்களில் டச் டவுன் பாஸ் வீசினார். 2012-ல் ட்ரூ பிரீஸ் வரும்வரை அதை யாரும் தாண்டவில்லை.

இந்த ‘மூளை’ விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகச் சொல்லிவிடுகிறார். அன்று பெரும்பாலான அணிகளில் அது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. கிரிக்கெட் கேப்டன் ஃபீல்டை மாற்றுவதுபோல, ஒவ்வொரு தடவையும் எதிரணி நிற்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், இறுதி ஆட்டம். எதிரணி ஜயன்ட்ஸ் 17-14 என்று முன்னால் இருந்தது, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாகவே மிச்சம். பந்து இருந்தது கோல்ட்ஸின் சொந்த முனையில். பந்தை எடுத்து ஆடப்போகும் நொடியில் ஜயன்ட்ஸின் ஹார்லண்ட் ஸ்வேர், கோல்ட்ஸில் பாஸ் பிடிக்கும் ரேமண்ட் பெர்ரிக்கு நேரெதிரே வந்து நின்றுகொண்டார். திட்டத்தில் இல்லாத நிலை அது. பெர்ரியும் யுனைட்டஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் மைதானத்திலேயே கிடக்கும் ஜோடி அது. இப்படி ஒருவன் வந்து நின்றால் என்ன செய்வது என்று எப்போதோ பேசிவைத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருவரும் திட்டத்தை மாற்ற, பெர்ரி ஸ்வேரை ஏமாற்றி உள்பக்கமாகப் பாய்ந்தார். 25 கஜம். தொடர்ந்து இன்னும் இரண்டு பாஸ், அதே பெர்ரிக்கு. மூன்றிலும் சேர்த்து 62 கஜம். ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது கோல்ட்ஸின் ஸ்டீவ் மைரா பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன்.

கூடுதல் நேரம் வந்தது, என்.எஃப்.எல். என்ற இந்த லீகின் இறுதி ஆட்டத்தில் முதல் தடவையாக. முன்னேறி முன்னேறி எல்லைக்கோட்டுக்கு எட்டு கஜம் வரை வந்துவிட்டார்கள். முதலில் புள்ளி எடுக்கும் அணிக்கே வெற்றி என்பதால், உதைத்தாலே கோப்பை. அந்த இடத்தில் யுனைட்டஸ் ஓரக்கோட்டை ஒட்டி ஜிம் மட்ஷெல்லருக்கு ஒரு பாஸ் வீசினார்! பறித்திருந்தால் ஜயன்ட்ஸ்காரன் மறுமுனை வரை ஓடியிருக்கலாம். மட்ஷெல்லர் பிடித்தார், ஒரு கஜத்தில் விழுந்தார். அடுத்த முயற்சியில் கோல்ட்ஸின் ஆலன் அமீச்சி பந்தோடு உள்ளே புகுந்தார், 23-17. அந்த ஆபத்தான பாஸைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, என்ன செய்கிறோம் என்று தெரிந்தவன் வீசினால் பந்து பறிபோகாது என்றார் யுனைட்டஸ். முதல் பாஸையே பறிகொடுத்த ஆள் சொன்னது என்பதால் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

ஸ்டீலர்ஸ் திருந்தியதா என்றால், இல்லை. 1957-ல் எடுத்த லென் டாசனையும் சரியாக ஆடவிடாமல் போகவிட்டார்கள். அவர் கான்சஸ் சிட்டிக்கு சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பிட்ஸ்பர்க்குக்கு முதல் கோப்பை 1975 ஜனவரியில்தான் வந்தது, டெர்ரி பிராட்ஷா கையால். அவரையும் ஊரெல்லாம் மண்டு என்றுதான் கேலி செய்துகொண்டிருந்தது.