டயர் தூள் உருகாது, ஊறும்

ரப்பர் தார் என்றதும் பழைய டயரை உருக்கித் தாரில் ஊற்றுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டயர் உருகாது. கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் அது. கொதிக்கும் தாரில் விழுந்தால் தாரிலுள்ள இலகுவான எண்ணெயை உறிஞ்சி, ஜவ்வரிசி ஊறுவதுபோல இரண்டு மூன்று மடங்கு உப்பும். ரப்பர் தாரை முதன்முதலாக ஒரு தெருவில் போட்டுப் பார்க்கும் சோதனைச் சாலை தேறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த ஊறலைப் பொறுத்ததுதான்.

1960-களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்டு கண்டதும் இதையே. விரிசல் விட்ட தெருக்களுக்கு ஒட்டுப்போட ஒரு பொருளைத் தேடியவர், ரப்பர் தூளைச் சூடான தாரில் கலந்து 45 முதல் 60 நிமிடம் விட்டுவைத்தால் கலவைக்குப் புதுக் குணம் வருவதைக் கவனித்தார். இன்று ஈர முறை என்பது அதைத்தான். தூளை நேராக ஜல்லியோடு கொட்டும் உலர் முறையும் உண்டு. அதில் ரப்பர் ஊற நேரம் போதாது. சாலை போட்ட பிறகும் அது தாரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மேற்பரப்பு வறண்டு ஜல்லி உதிரும். முதல் சோதனைக்கு அது வேண்டாம்.

தூளில் பார்க்க வேண்டியவை மூன்று. 2 மில்லிமீட்டருக்கு மேல் பருமன் கூடாது. கம்பியும் நூலும் இருக்கக் கூடாது. ஈரம் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 190 டிகிரித் தாரில் விழுந்ததும் நுரைத்துத் தொட்டிக்கு வெளியே வழியும். சாதாரண வெப்பத்தில் அரைத்த தூள் சொரசொரப்பாக இருப்பதால் சீக்கிரம் ஊறும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்ததோ கண்ணாடித் துண்டுபோல வழவழப்பானது, அதற்கு நேரம் கூடுதலாகத் தர வேண்டும்.

கலிபோர்னியாவின் அளவு தெளிவானது. ஜல்லி சேர்க்கும் முன் 1,000 கிலோ தார்-ரப்பர் கலவையில் சுமார் 200 கிலோ ரப்பர். அதில் முக்கால் பங்கு டயர் தூள், கால் பங்கு இயற்கை ரப்பர் மிகுந்த தூள். தாரின் எடையில் 2 முதல் 6 சதவீதம் எண்ணெய். 190 டிகிரிக்குக் குறையாத சூட்டில் குறைந்தது 45 நிமிடம் கிளறல். பிறகு கையடக்க விஸ்காமீட்டரில் பாகுநிலை, அதாவது கலவையின் கெட்டித்தன்மை, 1,500-க்கும் 4,000-க்கும் இடையே சென்டிபாய்ஸ் காட்டினால்தான் ஜல்லியோடு சேர்க்கலாம். இந்த எண் முதலில் ஏறும், சிறிது நேரம் நிற்கும், பிறகு இறங்கும். இறங்கினால் ரப்பர் சிதைகிறது என்று பொருள். மழையால் வேலை நின்று, தொட்டி இரவெல்லாம் சூட்டிலேயே கிடந்தால் நடப்பது இதுதான். காலையில் பாகுநிலையை அளக்காமல் லாரியை அனுப்பக் கூடாது.

நம் ஊர் ஒப்பந்தங்களில் வரும் சிஆர்எம்பி 55 என்ற ரப்பர் தூள் கலந்த தார் வேறு சரக்கு. ரப்பர் இதைவிடக் குறைவு, தூளும் நைசு, பெரும்பாலும் ஆயத்தமாகவே டேங்கரில் வந்து இறங்கும். 55 என்பது அதன் இளகுநிலை, அதாவது அது இளகத் தொடங்கும் சூடு குறைந்தபட்சம் 55 டிகிரி செல்சியஸ். கிளறாமல் வைத்தால் ரப்பர் அடியில் படியும் என்பதால் தொட்டியின் மேலிருந்தும் கீழிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். அரிசோனா முடிவுகளை அப்படியே இதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஜல்லியும் மாற வேண்டும். வழக்கமான அடர்த்தியான கலவையில் உப்பிய ரப்பர் துகளுக்கு இடமில்லை, ரோலர் போனதும் அது ஜல்லியைத் தள்ளிக்கொண்டு எழும். நடு அளவு ஜல்லியைக் குறைத்து இடைவெளி விட்டால் 7 முதல் 9 சதவீதம் வரை தார் பிடிக்கும்.

நெடுஞ்சாலையில் இல்லாத தொல்லை தெருவில்தான். மேன்ஹோல் மூடி, வளைவு, நடைபாதை ஓரம் எல்லாம் கைவேலை. இந்தக் கலவையோ பிசின்போல ஒட்டும், ஆறிவிட்டால் வாரியால் இழுக்கவே முடியாது. ஆகவே மூடிகளின் மட்டத்தை முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும். டயர் ரோலர் கூடாது, அதன் சக்கரத்தில் கலவை ஒட்டிக்கொண்டு வரும். இரும்பு ரோலர் மட்டும், அதுவும் கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்துக்குப் பின்னாலேயே. சூடு 140 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் முதல் உருட்டல் தொடங்கிவிட வேண்டும். டிப்பரின் அடியில் டீசல் தடவும் பழக்கம் இங்கே விஷம், சோப்புத் தண்ணீர் போதும். போக்குவரத்தை விடும் முன் சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ மணல் தூவினால் வண்டிச் சக்கரம் தாரைப் பிய்த்துக்கொண்டு போகாது.

ஒப்பிட அதே தெருவில், அதே நாளில், அதே தடிமனில், அதே ஆட்கள் போட்ட சாதாரணத் தார்த் துண்டு இல்லாவிட்டால் அதைச் சோதனை என்று சொல்ல முடியாது. பஸ் நிறுத்தமும் சிக்னலும் ஒரு துண்டிலேயே அமையாமல் பிரிக்க வேண்டும். பழைய விரிசல்களை முதலில் வரைபடமாக்கி வைக்க வேண்டும். கீழிருந்து மேலேறும் விரிசலைத் தடுப்பதுதான் ரப்பரின் பெரிய பலம், வரைபடம் இல்லாமல் அதை அளக்க வழியில்லை.

சத்தம் குறைவதை மட்டும் வைத்து மயங்க வேண்டாம். பீனிக்ஸ் நெடுஞ்சாலைகளில் 2003-இல் தொடங்கி கான்கிரீட் மேல் ரப்பர் தார் போட்டதில் டயர் இரைச்சல் நன்றாகவே குறைந்தது. ஆண்டுகள் போகப் போக அந்தப் பலன் தேய்ந்தது. பின்னர் பல இடங்களில் அதைச் சுரண்டிவிட்டுக் கான்கிரீட்டையே வைரப் பல்லால் இழைத்தார்கள். ஆகவே இரைச்சலை முதல் மாதத்தோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் அளக்க வேண்டும்.

மழைநீரையும் சேர்த்துக்கொள்ளலாம். டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து உருவாகும் ஒரு வேதிப்பொருள் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதாக 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரண்டு துண்டுகளின் வடிகாலிலும் முதல் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஆகும்.

கடைசியாக, சாலையில் துளையிட்டு எடுத்த உருளையைக் கரைப்பானில் போட்டுத் தாரின் அளவைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ரப்பர் முழுதாகக் கரையாமல் பொடிக்கல்லோடு தங்கிவிடும், தார் குறைவாக இருப்பதாகக் கணக்கு வரும். ஒப்பந்ததாரரோடு சண்டைக்குப் போகும் முன் அந்தத் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள்.