சேர்க்கக் கூடாத இடங்கள்

பல லென்ஸ் கேமராக்களை வடிவமைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கும்: லென்ஸ்கள் கூடக் கூடப் படமும் தெளிந்துகொண்டே போகும். கணக்கும் அவர்கள் பக்கம்தான். ஒரே காட்சியை நான்கு சென்சார்கள் தனித்தனியே பதிவுசெய்து, நான்கையும் சராசரி எடுத்தால் இரைச்சல், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் கலக்கம், பாதியாகும். பதினாறு சென்சார்கள் என்றால் நான்கில் ஒரு பங்கு. ஒரு பெரிய லென்ஸ் வாங்கித் தருகிற வெளிச்சத்தைப் பல சிறிய லென்ஸ்கள் பங்கு போட்டுச் சேகரிக்கலாம், கேமராவும் தடிமனாகாது. ஆனால் எல்லா லென்ஸும் ஒரே காட்சியைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. இரண்டு லென்ஸ்களை ஒரே புள்ளியில் வைக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க முடியும். அப்படி வைத்ததுமே அவை பார்ப்பது வேறு வேறு காட்சி ஆகிவிடுகிறது.

எவ்வளவு வேறு என்பதைப் போன் கேமரா அளவில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். லென்ஸின் குவியத் தூரம் 4 மி.மீ., இரண்டு லென்ஸ்களுக்கும் இடைவெளி 10 மி.மீ., சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் தொலைவில் நிற்கும் மரம் இரண்டு படங்களிலும் 1 பிக்சல்தான் தள்ளித் தெரியும். 10 மீட்டரில் இருப்பது 4 பிக்சல். 1 மீட்டரில் நிற்கும் ஒருவரின் முகம் 40 பிக்சல் தள்ளிப்போயிருக்கும். அரை மீட்டரில் நீட்டிய கை என்றால் 80. ஆகவே படம் முழுவதையும் ஒரே அளவுக்கு நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துவிட முடியாது. ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரத்தில் இருப்பதைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப நகர்த்தித்தான் சேர்க்க வேண்டும்.

இதைவிடச் சங்கடமான பகுதி முகத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதே முகத்துக்குப் பின்னால் 4 மீட்டரில் ஒரு சுவர் இருப்பதாகக் கொள்வோம். சுவரின் நகர்வு 10 பிக்சல், முகத்தின் நகர்வு 40. மிச்சமுள்ள 30 பிக்சல் அகலத்துக்குக் காதோரமாகச் சுவரின் ஒரு கீற்று, ஒரு லென்ஸுக்கு மட்டுமே தெரியும். மற்றதற்கு அதை முகம் மறைத்திருக்கும். அந்தக் கீற்றுக்கு இரண்டாவது சாட்சியே கிடையாது. அது புரியாமல் அல்காரிதம் இரண்டையும் சேர்த்தால் காதின் நிறம் சுவரில் வழியும், முடியிழைகள் இரட்டையாகும். அதனால்தான் யாராவது ஒரு பல லென்ஸ் கேமராவை என்னிடம் நீட்டினால், அது எங்கே சேர்க்காமல் விட்டிருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். காதோரம், மூக்குக்கண்ணாடியின் சட்டம், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள், இலைகளுக்கு நடுவே தெரியும் வானம். சந்தேகம் வந்த இடத்தில் ஒரே லென்ஸின் படத்தை அப்படியே விட்டுவிடத் தெரிந்த கேமராவை நம்பலாம் என்பது இத்தனை காலம் இந்த வேலையில் இருந்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

லென்ஸ்கள் ஒத்துப்போகாததைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு கண்களுக்கும் தெரியும் காட்சிகள் வேறு, அந்த வேறுபாட்டிலிருந்தே ஆழம் புலப்படுகிறது என்று சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பைக் கொண்டு விளக்கினார். 1908-இல் காப்ரியேல் லிப்மான் சின்னஞ்சிறு லென்ஸ்களை நெருக்கமாக அடுக்கி ஒரே தகட்டில் பல கோணங்களைப் பதிவுசெய்யும் யோசனையை முன்வைத்தார். எங்கள் குழுவுக்கு வருகிற எல்லோரையும் வாசிக்கச் சொல்வது, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சுமார் நூறு கேமராக்களை வரிசையாக அடுக்கிச் செய்த ஆய்வைப் பற்றி 2005-இல் வெளிவந்த கட்டுரை. விநாடிக்கு 30 படம் எடுக்கும் 52 கேமராக்களைச் சற்றுச் சற்றுத் தாமதித்து ஓடவிட்டு, விநாடிக்கு 1560 படம் எடுத்தார்கள். அதைவிட என்னை ஈர்த்தது, புதருக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் காட்டும் உத்தி. ஒவ்வொரு கேமராவுக்கும் இலைகளின் வேறு வேறு இடுக்கு வழியே பின்னால் இருப்பதில் கொஞ்சம் தெரியும். பின்னால் இருப்பதன் தூரத்துக்கு ஏற்ப எல்லாப் படங்களையும் நகர்த்திச் சராசரி எடுத்தால், அது மட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திக் கூர்மையாகும். இலைகள் கலங்கிக் கரைந்துவிடும். அத்தனை கேமராக்களும் ஒரே காட்சியைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

கடைக்கு வந்த கருவிகளில் இந்த வழியில் அதிகத் துணிச்சலோடு போனது லைட் நிறுவனத்தின் எல்16. 2015-இல் அறிவிக்கப்பட்டு 2017-இல் வெளியானது. மொத்தம் 16 மாட்யூல்கள், அதாவது லென்ஸும் சென்சாரும் சேர்ந்த சிறு கேமராக்கள். அகலக் கோணமான 28 மி.மீ. குவியத் தூரத்துக்கு நிகரானவை 5, 70 மி.மீ.க்கு 5, தொலைவைப் பெரிதாக்கும் 150 மி.மீ.க்கு 6. நீளமான லென்ஸ்களை நிமிர்த்தி வைத்தால் உடம்பு தடிமனாகும் என்று அவற்றைப் படுக்கவைத்து, முகக்கண்ணாடியால் ஒளியை மடக்கி அனுப்பினார்கள். அதே நிறுவனத்தின் நுட்பத்தோடு 2019-இல் நோக்கியா 9 ப்யூர்வியூ வந்தது. 12 மெகாபிக்சல் கேமராக்கள் ஐந்து, அவற்றில் மூன்று கறுப்பு வெள்ளை. அந்த இரண்டும் நீடித்து விற்கவில்லை என்பதை வைத்து அவற்றை எடைபோடுவது எனக்குப் பிடிக்காது. வடிவமைப்பாளனாக அந்த 16 வட்டங்களின் இடவமைப்பைப் பார்க்கும்போது மரியாதைதான் வருகிறது. வரிசையாக இல்லாமல் சிதறி வைத்திருப்பதில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. லென்ஸ்கள் ஒரே கோட்டில் இருந்தால் அந்தக் கோட்டுக்கு இணையாக ஓடும் மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது, எங்கே பொருத்தினாலும் பொருந்தும். ஜன்னல் கம்பிகள் வேறு விதத்தில் ஏமாற்றும்: மூன்றாம் கம்பியை நான்காம் கம்பி என்று எடுத்துக்கொண்டாலும் அழகாகப் பொருந்திப்போகும். கோட்டிலிருந்து விலகி நிற்கும் மூன்றாவது லென்ஸ் ஒன்று இருந்தால் இந்த இரண்டு ஏமாற்றும் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

இடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நேரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கோ அதுதான் இந்த வேலையில் மிகவும் சுவையான பகுதி. போன் சென்சார்கள் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் 20 மில்லிவிநாடி என்று கொள்வோம். அகலக் கோண லென்ஸும், அதன் நடுப்பாதியை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸும் ஒரே கணத்தில் படிக்கத் தொடங்குகின்றன. ஒத்திசைத்தாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் டெலி படத்தின் மேல் வரி, அகலக் கோணப் படத்தில் கால்வாசி இறங்கியபின் வரும் வரி. டெலி அதை 0-ஆவது மில்லிவிநாடியில் படித்துவிட்டது. மற்றது அந்த இடத்துக்கு வருவது 5-ஆவதில். நடுவில் இரண்டும் 10-இல் சந்திக்கின்றன. அடி வரியில் டெலி 20, மற்றது 15. ஆக, நின்றிருக்கும் கட்டடம் கச்சிதமாகப் பொருந்தும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டியோ, டெலி படத்தின் மேல் ஓரத்தில் இருந்தால் 5 செ.மீ. தள்ளித் தெரியும். இதற்கு நான் விரும்பும் தீர்வு டெலி சென்சாரை இரட்டை வேகத்தில் படிக்கவைத்து, 5 மில்லிவிநாடி தாமதித்துத் தொடங்கச் செய்வது. அப்போது மேலிருந்து கீழ்வரை இரண்டும் ஒரே புள்ளியை ஒரே கணத்தில் படிக்கும். அந்த வேகம் தருகிற சென்சார் வேண்டும், அதற்கான டேட்டா பாதையும் வேண்டும். எல்லாப் ப்ராஜெக்ட்டிலும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது நகர்கிற பொருளைக் கண்டுபிடித்துச் சேர்ப்பிலிருந்து விலக்குவதுதான் வழி.

கேலிபரேஷன் பற்றி, அதாவது லென்ஸ்கள் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று அளந்து வைப்பதைப் பற்றி, எங்கள் மெக்கானிக்கல் பொறியாளரோடு நடந்த ஒரு பேச்சை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டு மாட்யூல்களும் உட்காரும் உலோகச் சட்டத்தை மெலிதாக்கலாமா என்று கேட்டிருந்தார்.

“பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் சாயாதுங்க. போதாதா?” என்றார்.

“பத்தில் ஒரு டிகிரின்னா எங்களுக்கு ஏழு பிக்சல் சார். நாங்க கால் பிக்சலுக்குச் சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முதல்லேயே பிக்சல்ல சொல்லியிருக்கலாமே,” என்றார். அதன்பிறகு எங்கள் வரைபடங்களில் சாய்வு அளவுகளுக்குப் பக்கத்தில் பிக்சலும் எழுதப்பட்டது. சிறிய விஷயம்தான். ஆனால் ஒளியியல், மெக்கானிக்கல், சென்சார், மென்பொருள் என்று நான்கு குழுக்கள் நான்கு அலகுகளில் பேசிக்கொண்டிருக்கும் இந்தத் துறையில், எல்லோரும் கடைசிப் படத்தின் அலகில் பேசத் தொடங்கியது எங்கள் வேலையையே மாற்றியது. தொழிற்சாலையில் சதுரங்கக் கட்ட அட்டையைப் பல கோணங்களில் காட்டிக் கேலிபரேஷன் செய்து, அந்த எண்களை மாட்யூலின் நினைவகத்தில் எழுதித்தான் அனுப்புகிறோம். ஆனால் வீடியோ எடுத்துப் போன் சூடானால் பிளாஸ்டிக் லென்ஸ்களின் ஒளிவிலகல் எண் மாறும். ஃபோகஸ் நகர்ந்தால் உருப்பெருக்கம் மாறும். கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸே அசையும்; அதை அசைக்கும் காந்தம் பக்கத்து மாட்யூலின் காந்தத்தை இழுத்துப் பார்க்கும். ஒருமுறை கீழே விழுந்தால் எல்லா எண்களும் பழையவை ஆகிவிடும். அதனால் எடுக்கிற ஒவ்வொரு படத்திலிருந்தும் கேமரா தன் கேலிபரேஷனைத் தானே திரும்பச் சரிபார்க்கும்படி செய்திருக்கிறோம்.

கறுப்பு வெள்ளைச் சென்சாரைத் துணைக்கு வைக்கும் வடிவமைப்பும் எனக்கு நெருக்கமானது. வண்ணச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்து ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வடிகட்டி இல்லாத சென்சார் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மங்கலாகவும் உணர்வதால், நுணுக்கத்தை ஒன்றிலிருந்தும் நிறத்தை மற்றதிலிருந்தும் எடுக்கலாம். இருட்டில் இது தரும் பலன் பெரிது. ஆனால் சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்துவிட்டால், கறுப்பு வெள்ளைச் சென்சாருக்குப் பூவின் ஓரமே தெரியாது. எதை எதோடு பொருத்துவது? அங்கேயும் சேர்க்காமல் விட வேண்டும்.

கண்ணாடி ஜன்னல் இன்னும் கடினம். ஒரே பிக்சலில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அறையும் உண்டு, கண்ணாடியில் பிரதிபலிக்கும் தெருவும் உண்டு. இரண்டுக்கும் வேறு வேறு தூரம். ஒரு பிக்சலுக்கு ஒரு தூரம்தான் என்ற அடிப்படையே அங்கே உடைந்துபோகிறது.

பாரலாக்ஸே, அதாவது பார்க்கும் இடம் மாறுவதால் வரும் இந்த நகர்வே, வராதபடி வடிவமைக்கும் வழிகளும் உண்டு. 2012-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிரேடி குழு, நடுவில் ஒரே கோள லென்ஸை வைத்து, அதற்குப் பின்னால் 98 சிறு கேமராக்களை வளைவாக அடுக்கி, நூறு கோடி பிக்சல் அளவில் படமெடுக்கும் கிகாபிக்சல் கேமரா ஒன்றை உருவாக்கியது. எல்லாம் ஒரே லென்ஸ் வழியே பார்ப்பதால் துண்டுப் படங்களை ஓரம் சேர்த்துத் தையல் போடுவது மட்டும்தான் பாக்கி. சிலியில் உள்ள ரூபின் வானாய்வகக் கேமராவில் 189 சென்சார்கள் ஒரே குவியத் தளத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. பாக்கெட்டில் வைக்கும் கருவிக்கு இவை பொருந்தாது.

பாக்கெட்டுக் கருவியில் நடக்கும் வாதம் வேறு. தயாரிப்புக் குழுவில் உள்ளவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்: நான்கு லென்ஸுக்குப் பணம் கொடுத்தவருக்குப் படத்தின் ஒரு பகுதியில் ஒரு லென்ஸின் தரம் மட்டும் கிடைப்பது சரியா? அந்த இடத்தில் இரைச்சல் தெரிகிறதே, பக்கத்து இடத்தைப் பார்த்து நிரப்பிவிடலாமே? எனக்கு இதில் தயக்கமே இல்லை. எந்த லென்ஸும் பார்க்காத ஒன்று படத்தில் இருக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு விரிசல் இருந்திருக்கலாம், ஒரு எழுத்து இருந்திருக்கலாம். இரைச்சலோடு தெரியும் எழுத்தை ஒருவர் உற்றுப் பார்த்துப் படித்துவிடுவார். பளிச்சென்று நிரப்பிய சுவரில் அப்படி ஒன்று இருந்ததையே அவர் அறியமாட்டார். படத்தைச் சாட்சியாக வைத்து மருத்துவரும் காப்பீட்டுக்காரரும் நீதிமன்றமும் முடிவெடுக்கும் காலத்தில் இது எனக்கு வெறும் அழகியல் கேள்வி இல்லை.

இரைச்சல் மாறும் எல்லை கண்ணை உறுத்தாதபடி செய்ய நிறைய வழிகள் இருக்கின்றன. எல்லா இடத்தையும் கொஞ்சம் குறைவாகச் சுத்தம் செய்தால், சேர்த்த இடத்துக்கும் சேர்க்காத இடத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். ஆய்வக அட்டவணையில் எண்கள் சற்று இறங்கும், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

சேர்க்கும்போது எங்கள் அல்காரிதம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பிக்கை எண்ணைக் கணிக்கிறது: எந்த லென்ஸிலிருந்து எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு உறுதியாக. படம் சேமிக்கப்பட்டதும் அந்த எண்களின் தொகுப்பு தூக்கியெறியப்படுகிறது. அதைப் படத்துடனேயே வைத்திருக்க வேண்டும் என்று இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறேன். முழு நுணுக்கத்தில் வேண்டியதில்லை. 16-க்கு 16 பிக்சல் கட்டத்துக்கு ஓர் எண் என்றால்கூடப் போதும், 12 மெகாபிக்சல் படத்துக்கு ஏறக்குறைய 47,000 எண்கள்தான், சுருக்கினால் இன்னும் குறையும். சேமிப்பகக் குழு சம்மதித்துவிட்டது. கோப்பு வடிவத்தில் அதற்கென ஓர் இடம் ஒதுக்குவதற்கான வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.